இடது விளக்கில் நீர்

14 ஜூன் 1943, திங்கள்

ஜப்பான்காரன் கணக்கில் இது 2603. என் நோட்டுக்குள் அது வராது.

இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இவர் ஓட்டும் டாக்டரின் கார், ஜப்பான்காரனின் வண்டிப் பட்டறைப் பரிசோதனையில் தேறவில்லை. எஞ்சின் சரி, பிரேக் சரி, பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் கட்டியிருக்கும் கரி அடுப்புகூடச் சரி. இடது முன்விளக்கின் கண்ணாடிக்குள் மட்டும் முத்து முத்தாக நீர். அதிகாரி பிரம்பால் அதைத் தட்டிக் காட்டி, சனிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறான். அன்றும் நீர் இருந்தால் காரை எடுத்துக்கொள்வான். கார் இல்லாத டிரைவருக்கு, வேலையில் இருப்பவன் என்று காட்டும் கைப்பட்டை கிடையாது. கைப்பட்டை இல்லாத ஆண்பிள்ளை, சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போகும் லிஸ்டில் போவான். உஜோங் பாசிரிலிருந்து போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு கடுதாசி இல்லை.

மொத்தமாகத் துடைத்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் வருமா? அதற்கு என் புருஷனைக் கொடுக்க வேண்டுமா? நடக்காது.

15 ஜூன்

கழற்றித் துடைத்து மாட்டினார். மத்தியானம் மழை. சாயங்காலம் பழையபடி முத்து.

16 ஜூன், புதன்

குற்றம் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில். தொட்டால் அவலாக உதிர்கிறது. ஜாலான் பெண்டஹாராவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். புது வளையம் எவனிடமும் இல்லை.

பக்கத்து வீட்டு மல்லிகாவின் புருஷன் அப்பாசாமி செங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். ஒரு போத்தல் ரப்பர் பால் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. செருப்பு, சைக்கிள் டியூப், கூரை, என் வாளி, எல்லாம் பாலால்தான் நிற்கிறது. இவர் விளக்கைச் சுற்றி மூன்று பூச்சுப் பூசினார்.

"அடியில துரு தின்ன ஓட்ட ஒன்னு வேற இருந்துச்சு புள்ள. அதையும் அடைச்சிட்டேன். இனிமே எறும்புகூட நுழையாது" என்றார். அப்படிச் சிரித்து மூன்று நாளாயிற்று.

17 ஜூன்

எறும்பு நுழையவில்லை. வெயில் ஏறியதும் உள்ளே ஆறு ஓடுகிறது. முன்பாவது முத்து, இப்போது வழிகிறது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். "அப்ப நீயே செய்டி" என்றார். செய்யத்தான் போகிறேன், என்ன இப்போ?

ஆனால் எப்படி? நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

18 ஜூன், வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து இறக்கினேன். மூடியை இறுக்கி வைத்திருந்தேன். திறந்தால் மூடி முழுக்க நீர். மல்லிகா கிழங்கு வாங்க வந்தவள், "மூடிய கொஞ்சம் ஒதுக்கி வச்சா என்னக்கா, ஆவி போகட்டுமே" என்றாள். சட்டென்று விளக்கு ஞாபகம் வந்தது. அந்த ஓட்டை துரு தின்றதில்லை! செய்தவனே வைத்த ஓட்டை. விளக்கு எரிந்தால் உள்ளே சூடு, அணைந்தால் குளிர்ச்சி. அது மூச்சு விட வேண்டாமா? மூக்கை அடைத்துவிட்டு ஏன் வேர்க்கிறாய் என்று கேட்டால்?

கிழங்கை அப்படியே மல்லிகாவிடம் கொடுத்துவிட்டுக் காரிடம் ஓடினேன். கொண்டை ஊசியால் ஓட்டையைத் திறந்தேன். வலது விளக்கையும் பார்த்தேன், அதே இடத்தில் அதே ஓட்டை. ஆ! பிறகு இடதைக் கழற்றி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் பக்கத்தில் வைத்து ஈரம் போக உலர்த்தினேன். உள்ளே இருக்கும் வெள்ளி மினுக்கைத் தேய்க்கவில்லை, தேய்த்தால் போய்விடும். கண்ணாடியைச் சுற்றி மட்டும் பால். ஓட்டை கீழே பார்க்க மாட்டி, தூசி போகாமல் ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு.

மேலே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் விட்டேன். எரியவிட்டு அணைத்தேன். ஒரு பொட்டு நீர் இல்லை!

இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான்தான் அடைச்சேனா?" என்றார். "நீங்கதான்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

19 ஜூன், சனி

தேறிவிட்டது. ஆனால் —

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்ய? அதிகாரி விளக்கைப் பார்த்து அசந்து, யார் செய்தது என்று கேட்டிருக்கிறான். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்" என்றாராம். உடனே, நல்ல மெக்கானிக், சயாமில் லாரிகளுக்கு ஆள் வேண்டும், அடுத்த வாரம் புறப்படு என்று எழுதிவிட்டான்.

வாயி, வாயி! பொண்டாட்டி செஞ்சான்னு சொன்னா தலையில இருந்து கிரீடம் விழுந்திருமா? நான் எதுக்கு அவ்வளவு பாடுபட்டேன்? உங்களப் பொட்டலம் கட்டி அனுப்பவா?

அழுதேன்.

21 ஜூன், திங்கள்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது.

இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டு நானே பட்டறைக்குப் போனேன். இவர் பின்னால் வந்தார். கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரைதான் அங்கே ஜப்பான் மொழி பேசுகிறவர். "அம்மா, பேசாமத் திரும்பிப் போங்க, அறை விழும்" என்றார். சொல்லுங்கள் ஐயா, விளக்கு செய்தது நான் என்றேன். அதிகாரி நம்பவில்லை. நீர் கோத்த லாரி விளக்குகள் இரண்டைக் கொண்டுவரச் சொல்லி, எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று வைத்தான்.

நேற்று இரவே இவரிடம் சொல்லியிருந்தேன், தெரிந்த மாதிரி காட்டாதீர்கள் என்று. சொன்னதற்கு மேலேயே நடித்தார். இவர் துடைத்தார், மூடினார், நீர் வந்தது, மறுபடி துடைத்தார். நான் சேறு அடைத்த ஓட்டையைக் குத்தித் திறந்து, உலர்த்தி, மாட்டி, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பட்டறை ஆட்கள் முழுக்க வேடிக்கை.

இவர் எழுந்து நின்று, கிராணியிடம் உரக்கச் சொன்னார்: "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. அந்த ஓட்டைய அடைச்சுக் கெடுத்ததே நான்தான். செஞ்சது என் பொண்டாட்டி அலமேலு."

அத்தனை பேர் முன்னால்! அதிகாரி இவரை ஓர் அறை அறைந்தான், பிறகு சிரித்தான், சயாம் லிஸ்டில் இவர் பேரை அடித்துவிட்டான். டிரைவராகவே இரு என்று கைப்பட்டையைக் கொடுத்தான். என்னைக் காட்டி ஏதோ சொன்னான். நாளை முதல் நான் பட்டறைக்கு வர வேண்டுமாம், விளக்கு வேலைக்கு.

வீங்கிய கன்னத்தோடு இவர் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்.

22 ஜூன்

முதல் நாளே ஒன்பது விளக்கு! எல்லாவற்றிலும் மூக்கில் சேறு.

3 ஜூலை, சனி

எனக்கும் கைப்பட்டை. கூடவே அரிசிப் பங்கு — புழு இருந்தாலும் அரிசி, அரிசிதான். மல்லிகாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். பட்டறையில் என்னை விளக்கக்கா என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் அடியில் குனிந்து பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கு ஒரு தொழில்!

9 ஜூலை, வெள்ளி

கடிகாரத்தில் காலை ஏழு. ஜப்பான்காரன் வைத்த தோக்கியோ நேரம் என்பதால் வெளியே இன்னும் கறுக்கல். காஜா பெராங் முனையில் இரண்டு லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. தம்பின் ஸ்டேஷனுக்கு ஆள் ஏற்றுகிறார்கள், அங்கிருந்து சயாம். கைப்பட்டை இல்லாத தோட்டத்து ஆட்கள் முப்பது பேர். அதில் மல்லிகாவின் புருஷன் அப்பாசாமி.

நான்கு விளக்கும் நேற்று என் கையால் போனவை. ஒரு பொட்டு நீர் இல்லை. மல்லிகா லாரிக்கு முன்னால் நின்றாள், முகம் பளிச்சென்று தெரிந்தது. என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"நான் பட்டறைக்குப் போகாம இருந்தா என்ன ஆகும்?" என்று இவரிடம் கேட்டேன். தன் கைப்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாளை இன்னும் மூன்று லாரி வருகிறதாம். ஆறு விளக்கு.