லெனாட் சும்மா செய்து தந்த வேலை

அன்புள்ள ஜெசிதா,

உன்னோடு படிக்கும் லெனாட் வந்து உன் மடிக்கணினியைத் திருத்தி, நட்சத்திரத் தரவுகளை ஆராயும் அந்த மென்பொருளையும் ஏற்றித் தந்ததாக மாமி சொன்னார். சந்தோஷம். இனி உன் ஆய்வு நிற்காது. நீயும் மாமியும் சுகம்தானே? தோகாவில் எனக்கும் கடைக்கும் குறையில்லை.

பழுதாக்கியது நான்தான். கடையில் பழைய சரக்கைக் கழித்துவிட்டுத்தான் புதியதை அடுக்குவேன். அந்த நினைப்பில் கணினியிலிருந்த பழைய பைதன் மென்பொருளை அழிக்கச் சொன்னேன். அதை நம்பியிருந்த மற்ற மென்பொருள்களும் படுத்துவிட்டன. அவன் பழையதை மீட்டு, புதியதைத் தனியாக ஒரு பக்கத்தில் வைத்தானாம். கெட்டிக்காரன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி காசே வேண்டாமெண்டிட்டார். ஒடியல் கூழ்தான் குடிச்சவர். ஜெசிதா இப்பிடிச் சிரிச்சு நான் கனநாள் காணேல்லை" என்றார் மாமி.

போனில் கேட்டால் அதற்கும் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். இங்கே யாராவது வந்தால் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா கொடுத்துவிடு. ஒருவனுக்காகக் கூழ் காய்ச்ச முடியாது, தெரியும். என்றாலும் அனுப்பு.

காசு வாங்கினவனுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. அதனால் லெனாட்டோடு போனில் கதைத்தேன்.

"ஜெசிதாட்டை என்னெண்டு அண்ணை காசு வாங்கிறது?" என்றான். உன் பெயர் அவன் வாயில் எவ்வளவு இலேசாக வருகிறது!

"என்னட்டை வாங்கு" என்றேன்.

கடை திறக்க நேரமாகிறது. பேசி முடித்தது இதுதான்: அவன் கேட்ட ஐயாயிரம் ரூபாய், பேரம் இல்லை. இனிப் பழுது வந்தால் நீ எனக்குச் சொல்வாய், நான் அவனுக்குச் சொல்வேன்.

உன் ஜெறோம்