அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று

ஏனுங்க,

நான் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டேன். களியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன்.

கார்கில் சண்டையில் இறந்த உங்கள் அண்ணனுக்கு இன்று நினைவு நாள். அவருடைய கடிதத்தைப் படிக்கச் சொல்லி அத்தை கேட்பார்கள். அத்தைக்கு எழுதியதில், "மெஸ்ஸுல சமையல் வேலைதானுங்கம்மா, பயப்படாதீங்க" என்று இருக்கிறது. அதே வாரம் உங்களுக்கு, "நாளைக்கு மலை ஏறறோம் தம்பி, அம்மாகிட்டச் சொல்லிப்போடாத" என்று எழுதியிருக்கிறார்.

எதைப் படிப்பது? முதல் கடிதம் போதும் என்று காலையில் உங்களிடம் சண்டை போட்டேன். இப்போது அதுவும் சரியா என்று தெரியவில்லை.

சுகுணா

பி.கு.: இதை எழுதும்போதே அத்தை வந்து, "அவனுக்குச் சோறு வடிக்கவே தெரியாது கண்ணு. சமையல் வேலை இல்லீன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். அப்படியும் சமையல் கடிதத்தைத்தான் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.