குரலை நம்பாத கேட்கீப்பருக்கு

இன்று காலை மகள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தர்மபுரியில் உட்கார்ந்தபடியே பெங்களூர் ஆபீஸ் கணினியைத் திறக்க மூன்று மென்பொருள்கள். எது பாதுகாப்பானது என்று அவள் எழுதித் தர வேண்டும்.

"ரெண்டு சட்டுனு உள்ள வுட்டுருதுப்பா. இது மட்டும் ஒரு நீள நம்பரக் காட்டி, எதிர்ல இருக்கறது அதே கணினிதானா பாருங்குது. ஒரே தொல்லை" என்றாள். எனக்கு உங்கள் குரல் கேட்டது.

எண்பதுகளில், மொரப்பூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் நான் மாஸ்டர். இரண்டு மைல் தள்ளி லெவல் கிராசிங்கில் நீங்கள் கேட்கீப்பர். ரயில் வருவதைப் போனில் சொல்வேன். கேட்டைச் சாத்திவிட்டு, உங்களிடமிருந்த ரகசியத் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வீர்கள். அது வந்தால்தான் சிக்னல். எனக்கோ எதிலும் அவசரம். "உங்க குரல் எனக்குத் தெரியாதா? நம்பர் எதுக்குங்க?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"குரல நம்பாதீங்க சார். எங்க வூட்ல அண்ணன் தம்பி மூணு பேருக்கும் ஒரே குரலு" என்றீர்கள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகொரு மத்தியானம் போனில் நீங்கள்: "கேட்டு சாத்தியாச்சுங்க சார்." சிக்னல் லீவரில் கை வைத்துவிட்டேன். அந்த மூன்று பேர் ஞாபகம் வரவும், விளையாட்டாகத்தான் கேட்டேன், "நம்பரு?"

"என்ன நம்பருங்க?"

பேசியது, உங்களுக்குக் களி கொண்டுவந்த தம்பி. நீங்களோ தண்டவாளத்தில், அச்சு முறிந்த தக்காளி வண்டியை வண்டிக்காரரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தீர்கள். தம்பி பொய் சொல்லவில்லை. ஒரு பக்கக் கேட்டு சாத்தியிருந்தது, அதைச் சொன்னார். கையை எடுத்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நின்றுபோன ரயிலின் டிரைவர் ஹாரனாலேயே என்னைத் திட்டினார். கடைசியில், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க நீங்கள்: "சார்... லைன் காலிங்க. முப்பத்தேழு." அழுதுவிட்டேன். உங்களிடம் சொன்னதில்லை.

இதைச் சொன்னதும் மகள் ஆபீஸுக்குப் போன் போட்டு, அங்கிருந்தவரை அந்த நீள நம்பரை வாசிக்கச் சொல்லித் திரையோடு ஒத்துப் பார்த்தாள். "சரியா இருக்குப்பா. இதையே எழுதிடறேன்."

நம்பாதீங்க என்றீர்கள், ஆனாலும் நீங்கள் இறந்துபோன பிறகு அந்தக் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. மத்தியானம் உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க சார்." அதே குரல்.

"நம்பரு?" என்றேன்.

"முப்பத்தேழுங்க சார்" என்றார்.