நான் சொன்ன காற்றளவு

நவம்பர் 9, 2063. காலை 6.00
கயல் மிதவை நிலையம், குமரிமுனைக்குத் தென்கிழக்கே. காற்று வடகிழக்கிலிருந்து 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல். அலை ஒன்றேகால் மீட்டர். காற்றழுத்தம் இயல்பு. மின்கலங்கள் நிறைவு. காலைக் கடற்செய்தி ஒலிபரப்பாயிற்று.
பணியில் இருப்பவர் ஒருவர்: பூரணவல்லி, வானிலை அலுவலர்.
இந்தக் குறிப்பு நிலையத்தின் நீர்புகாப் பெட்டியில் பதிவாகும். பெட்டியைத் திறப்பவருக்குச் சுருக்கமாக: கடலில் நேரில் நின்று அளக்கும் நிலையங்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்றவற்றைக் கரையோர வானிலை வாரியம் மூடிவிட்டது. சென்னையில் உள்ள இயந்திரங்களுக்குள் அவர்கள் ஒரு கடலை வைத்திருக்கிறார்கள். பெயர் இரட்டைக்கடல். காற்றையும் அலையையும் அது கணக்குப் போட்டே சொல்லிவிடும். எங்களைப் போல் யாரும் இங்கே நனைய வேண்டியதில்லை என்பது வாரியத்தின் கொள்கை. மாதக் கடைசியில் கயலும் மூடப்படும்.

நவம்பர் 9. மாலை 5.40
வாரியத்தின் பதில் இன்று வரவேண்டும், உட்கார முடியவில்லை. மேல்தளத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது. அப்போதுதான் அழைப்பு வந்தது.
"மேடம், ஜெனோவா பேசுதேன், மணப்பாட்டுல இருந்து. வாரியத்துல ஒத்துக்கிட்டாங்க! பதினாலாம் தேதி கூட்டம். அதுவரைக்கும் நம்ம வள்ளக்காரங்க சொல்லுத காத்தும் அலையும் கணக்குல சேருமாம். எழுத்துலயே குடுத்துட்டாங்க. கேக்குதா?"
கேட்டது. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.
ஜெனோவா லோபோ மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்பவர். கடற்செய்தி கேட்போர் சங்கத்தின் செயலாளர். மீனவர்கள், உப்பளத்துக்காரர்கள், சங்கு குளிப்பவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். போன பருவத்தில் இரட்டைக்கடல் அமைதி என்று சொன்ன நாளில் இரண்டு வள்ளங்கள் கவிழ்ந்தன. அதன் பிறகு சங்கம் ஒரு காரியம் செய்தது. வாரியத்தின் ஒவ்வொரு அறிவிப்பையும், அதே நேரத்தில் கடலில் கைப்பேசியில் பிடித்த காற்றின் இரைச்சலையும் அடுத்தடுத்து வைத்து, வாரிய வாசலிலேயே ஒலிபெருக்கியில் போட்டார்கள். வாரக்கணக்கில் போட்டார்கள். அந்த இரைச்சல் தாங்காமல்தான் வாரியம் கதவைத் திறந்தது.

நவம்பர் 10. காலை 10.15
இயக்குநர் சேஷகிரி அழைத்தார்.
"பூரணவல்லி, அவங்க சொல்றது அளவீடு இல்ல, அபிப்பிராயம். இருந்தாலும் பார்ப்போம். உங்க கருவி, இரட்டைக்கடல், படகுக்காரங்க, மூணையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். எது எதோட ஒத்துப்போகுதோ அதுதான் கூட்டத்துல பேசும்."
கெட்ட மனிதர் அல்ல. எண்களை நம்புகிறவர். நானும் அப்படித்தான்.
சங்கம் தன் வள்ளங்களுக்குக் கைக் காற்றுமானிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் அதைக் காத்தாடி என்கிறார்கள்.

நவம்பர் 12. காலை 7.30
தெற்கே காற்றழுத்தத் தாழ்வு. இரட்டைக்கடலின் கணிப்பு: இலங்கைக்குக் கிழக்கே போய்விடும், நம் பக்கம் 20 நாட் வேகத்துக்கு மேல் வீசாது.
வள்ளங்களிலிருந்து வந்தவை வேறு. ஜெனோவாவின் தம்பி ரூபன் முதலில் பேசினான்.
"மேடம், காத்தாடி இருபத்தாறு காட்டுது. காத்த விடுங்க, நீரோட்டம் தப்பா இருக்கு. வலை எல்லாம் தெக்க இழுக்குது. இது கிழக்க போற புயலு இல்ல."
இன்னும் பதினோரு வள்ளங்கள் அதையே சொல்லின. என் கருவியும் அவர்கள் பக்கம்தான்.

நவம்பர் 12. காலை 8.05
எச்சரிக்கை ஒலிபரப்பினேன். "அனைத்து வள்ளங்களும் கரை திரும்பவும். ஆதாரம்: கயல் நிலையம் மற்றும் கடலில் உள்ள மீனவர்கள்." அரசு அறிவிப்பில் அந்தக் கடைசிச் சொல் வருவது இதுவே முதல் முறை. வாரியம் தடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த வாக்கு இருக்கிறது.

நவம்பர் 13. பகல் 1.20
காற்று 44. அதன் பிறகு அளவு இல்லை. அந்த 44-ஐ ஒலிபரப்பும் முன்பே கருவிக் கம்பம் முறிந்து கடலில் விழுந்துவிட்டது. அலைமானியும் போனது. நிலையம் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. நங்கூரச் சங்கிலிகள் நான்கில் ஒன்று அறுந்திருக்க வேண்டும். காலுக்கடியில் அந்த உலுக்கலை உணர்ந்தேன்.
நான் குருடு. இனி வள்ளங்கள்தான் கண். ஆனால் வள்ளங்கள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

நவம்பர் 13. மாலை 4.10
ரூபன் இன்னும் வெளியே இருக்கிறான். அவனோடு நான்கு பேர். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.
"ரூபன், கரைக்குப் போங்க. உடனே."
"போயிட்டா உங்களுக்கு யாரு மேடம் காத்து சொல்லுவா? உங்க கம்பம் விழுந்துட்டுன்னு அக்கா சொன்னா."
"அது என் கவலை."
"நாளைக்குக் கூட்டம். நாங்க பாதியில நிறுத்துனா அந்த ஆபீசரு என்ன சொல்லுவாரு? காத்தடிச்சா ஓடிப்போயிருவானுவ, இவனுவள நம்பி எப்படி அறிக்கை விடன்னு கேப்பாருல்லா? ஒரு வருசமா எங்க அக்கா அலைஞ்சது வீணாப் போயிரும். ராத்திரி வரைக்கும் தாங்குவோம். எழுதிக்கிடுங்க, நாப்பத்தெட்டு."
பின்னால் யாரோ செபம் சொல்வது கேட்டது. இன்னொருவன் தண்ணீர் இறைத்துக்கொண்டே கெட்ட வார்த்தை சொன்னான்.
ஜெனோவாவை அழைத்தேன். அவருடைய குரலுக்கும் அவன் அசையவில்லை. கடைசியில் அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "எப்படியாச்சும் அவன கொண்டாந்துருங்க மேடம்."

நவம்பர் 13. மாலை 4.25
பொய் சொன்னேன்.
"ரூபன், என் மாற்றுக் கருவி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இனி உங்கள் அளவு தேவையில்லை. திரும்புங்கள்."
"நெசமாவா? எங்க, எவ்வளவு காட்டுது சொல்லுங்க."
என் முன்னால் ஒளிர்ந்துகொண்டிருந்த ஒரே திரை இரட்டைக்கடல். அதிலிருந்ததைப் படித்தேன். "காற்று 31. அலை இரண்டரை மீட்டர். குறைந்துகொண்டே வருகிறது."
"இங்கன அதவிட கூட இருக்கே."
"நீங்கள் தள்ளி இருக்கிறீர்கள். இங்கே இவ்வளவுதான்."
அவன் மற்றவர்களிடம் அதைக் கத்திச் சொல்வது கேட்டது. பிறகு, "சரி மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். திருப்புதோம்."

நவம்பர் 13. மாலை 5.50
ஜெனோவா: "வந்துட்டான் மேடம்! அஞ்சு பேரும் வந்துட்டாங்க. வள்ளம்தான் உடைஞ்சுபோச்சு, போகட்டும். சொந்தக்காரன் ஒண்ணு தாரேன்னுட்டான். நீங்க நல்லா இருப்பீங்க."
இருக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே வாரியத்துக்குத் திருத்தம் தட்டச்சு செய்தேன். என் ஒலிபரப்பு எல்லாமே அங்கே தானாகப் பதிவாகும். "மாலை 4.25-இல் நான் சொன்ன அளவுகள் கயலுடையவை அல்ல." அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது ஆண்டெனா சரிந்தது. போனதா என்று தெரியவில்லை.

நவம்பர் 14. காலை 6.30
போகவில்லை. அனுப்பும் கருவி செத்துவிட்டது. கேட்கும் கருவி மட்டும் இருக்கிறது. மற்ற மூன்று சங்கிலிகளும் இல்லை. நான் தெற்கே மிதந்துகொண்டிருக்கிறேன். காற்று ஓய்ந்திருக்கிறது. நெற்றியில் அடி. குடிநீர் இருக்கிறது.

நவம்பர் 14. பகல் 12.10
கூட்டத்தை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். ஜெனோவா நன்றாகப் பேசினார். எச்சரிக்கை எப்படி வந்தது, யார் பார்த்துச் சொன்னது, எத்தனை வீட்டு ஆட்கள் திரும்பினார்கள். கைதட்டல் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.
பிறகு சேஷகிரி.
"படகுக்காரங்க உதவியை வாரியம் மறுக்கல. ஆனா புயல் உச்சத்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. படகு சொன்னது நாப்பத்தெட்டு. இரட்டைக்கடல் சொன்னது முப்பத்தொண்ணு. கயல் நிலையம், தன் மாற்றுக் கருவியால, நேர்ல அளந்து சொன்னதும் முப்பத்தொண்ணு. அலையும் அப்படியே ஒத்துப்போகுது. நிலையத்தோட இப்ப தொடர்பு இல்ல, மீட்புக் கப்பல் போயிருக்கு. ஆனா பதிவு இருக்கு. அம்மா, நீங்களே சொல்லுங்க. பூரணவல்லி தப்பான அளவு சொல்லக்கூடியவங்களா?"
சொல்லுங்கள் ஜெனோவா. ஆமாம் என்று சொல்லுங்கள். செத்த ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினேன்.
ஜெனோவாவின் குரல்:
"இல்ல சார். அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

நவம்பர் 14. மாலை 3.00
முடிவு வாசித்தார்கள். மீனவர் அளவீடுகள் இனி ஏற்கப்படா. இரட்டைக்கடலே ஒரே ஆதாரம். சங்கத்துக்கு நன்றிப் பத்திரம்.
மீட்புக் கப்பல் நான் இருந்த இடத்துக்குப் போகிறது. நான் அங்கே இல்லை.

நவம்பர் 15. காலை 5.30
சுவரில் மாட்டிய பழைய அழுத்தமானிக்கு மின்சாரம் வேண்டாம். முள் மறுபடியும் இறங்குகிறது. தெற்கிலிருந்து நீண்ட அலைகள், எண்ணெய் மாதிரி, சத்தமில்லாமல். முந்தைய புயலின் பின்னாலேயே இன்னொன்று வருகிறது. அளக்க என்னிடம் எதுவும் இல்லை. கண் இருக்கிறது.
வானொலி: "இரட்டைக்கடல் காலை அறிவிப்பு. மன்னார் வளைகுடா, குமரிக்கடல் அமைதி. மீனவர்கள் கடலுக்குச் செல்லலாம்."

நவம்பர் 15. காலை 6.15
வள்ளங்களின் அலைவரிசை. இயந்திரச் சத்தம், பாட்டு, கேலி. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். துணியைக் கொளுத்திப் புகை போட்டேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் யாருமில்லை. ஆண்டெனாக் கம்பியை வெறுங்கையால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். கை சுட்டதுதான் மிச்சம்.

6.40
ரூபன் குரல்.
"மேடம், ரூபன். நீங்க பேச முடியாட்டாலும் கேப்பீங்கன்னு அக்கா சொன்னா. சொந்தக்காரன் வள்ளத்துல ராத்திரியே கிளம்பி தெக்க வாரோம், அப்படியே உங்களையும் தேடிப் பாப்போம். காத்தாடி இருவது காட்டுது, மேல ஏறுது. தெக்க இருந்து பெருசா உருண்டு வருது. திரும்புவோமான்னு பயலுவ கேக்கானுவ. நான்தான் சொன்னேன், அன்னைக்கும் நம்ம காத்தாடி கூடத்தான காட்டுச்சு, மேடம் சொன்னதுதான சரியாப் போச்சுன்னு. காத்தாடிய கீழ போட்டுட்டேன்."

6.50
பெட்டியைத் திறப்பவருக்கு. 13-ஆம் தேதி மாலை நான் சொன்ன 31 பொய். ரூபன் சொன்ன 48 உண்மை. மணப்பாட்டில் ஜெனோவா லோபோவிடம் சொல்லுங்கள். வாரியத்திடம் அப்புறம்.
இப்போது, கண்ணால் பார்த்தது: தெற்கே வானம் கறுப்பு. அலை ஆறு மீட்டருக்குக் குறையாது. அதன் மேல், வடக்கிலிருந்து, சின்னதாக ஒரு வள்ளம். பச்சை நிறம். என்னைப் பார்த்துவிட்டார்கள், கை காட்டுகிறார்கள். நான் இரண்டு கையாலும் போ போ என்று

வருகிறார்கள்