ஒரு கட்டிலில் இரண்டு ரிசீவர்கள்

பிப்ரவரி 6

மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குள் ரிசீவர் அடங்க வேண்டும். தொட்டிலில் உள்ள கருவி குழந்தையின் அழுகையைக் கேட்டு ரேடியோ அலை அனுப்பும். பட்டை அதைப் பிடித்து அதிரும். காது கேளாத பெற்றோருக்காக. வழக்கமாக ஒரு டிரான்சிஸ்டர் உள்ளேயே ஓர் அலையை எழுப்பும், இன்னொன்று அதை வெளியிலிருந்து வரும் அலையோடு கலந்து, கையாளக்கூடிய தாழ்ந்த அலையாக இறக்கும். இடமும் இல்லை, பேட்டரியும் தாங்காது என்பதால் இரண்டு வேலையையும் ஒன்றின் தலையிலேயே கட்டுகிறேன். தான் பாடிக்கொண்டே அடுத்தவர் பாட்டையும் கேட்க வேண்டும். எங்கள் மேலாளருக்கு இதில் முதல் பாதி கைவந்த கலை.

பிப்ரவரி 9

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளுக்கும் அவள் கணவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. குழந்தை பிறந்ததும் இரவில் அம்மா அவர்கள் அறையில் படுப்பதாக முடிவாகியிருக்கிறது. முடிவெடுத்தவர் அம்மா. தங்கை சைகையில் வெகுநேரம் மறுத்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைகையில் பேசுகிறவரை அடக்க முகத்தைத் திருப்பினால் போதும், எவ்வளவு சௌகரியம்.

பிறகு எனக்கு எழுதினாள்: "அக்கா, என் குழந்தை அழுதா நானே எழுந்துக்கணும். அம்மா வந்து உலுக்கி எழுந்துக்கக் கூடாது. உன் பட்டை வந்துடுமா?"

வந்துவிடும் என்று எழுதினேன். பொறியாளர்கள் பொய் சொல்வதில்லை. தேதி சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 14

அலை எழவில்லை.

பிப்ரவரி 15

எழுந்தது. அளக்கும் கருவியின் முனையை வைத்தால் எழுகிறது, எடுத்தால் படுத்துவிடுகிறது. ஆள் பார்க்கும்போது மட்டும் உழைக்கும் பழக்கத்தை எங்கள் அலுவலகத்தில் யாரிடம் கற்றதோ. அந்த முனை சேர்க்கும் துளி மின்தேக்கம்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதே அளவில் ஒரு கெபாசிட்டரை நிரந்தரமாகப் பற்றவைத்தேன். இப்போது தனியாக விட்டாலும் ஓடுகிறது.

மார்ச் 3

பெண் குழந்தை. அழுகை தெருக்கோடி வரை கேட்கிறதாம், அதன் அப்பா அம்மாவைத் தவிர எல்லோருக்கும்.

மார்ச் 13

இரண்டு பட்டைகளைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். தங்கை சமையலறையில், அவள் கணவர் வாசலில். குழந்தை தன் பங்குக்கு ஒரு குரல் கொடுத்தது. இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தங்கை பட்டையைக் கழற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இன்று மட்டும் ஹாலில் படுப்பதாக அம்மா இறங்கி வந்தார்.

மார்ச் 14

காலையில் அம்மாவின் போன்.

"ரெண்டு பேர் கையிலயும் நீ கட்டினதுதான்டி இருந்துது. குழந்தை கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு. இதுங்க ரெண்டும் அசையல. இனிமே நான் அந்த ரூம்லதான் படுப்பேன். யாரும் என்கிட்ட பேச வராதீங்க."

என்ன தப்பு பண்ணினேன்? எத்தனை தடவை சோதிச்சேன். எது விட்டுப்போச்சு? — தங்கையிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

மார்ச் 15

போனேன். தங்கை பட்டைகளை என் கையில் வைத்தாள். நல்ல அம்மாவாக இருந்தால் தானாகவே விழிப்பு வந்திருக்காதா என்று சைகையில் கேட்டாள். இல்லை, தப்பு என்னுடையது என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் விரல்களால். "அம்மாவுக்குத் தெரியணும்."

மார்ச் 17

தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் தங்கம். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் செவிடு.

ஒரே டிரான்சிஸ்டர் என்பதால், உள்ளே எழும் அலைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. அலை கசிந்து வெளியே போகிறது. இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே அலையில் பாடுவதால், கிட்டே வந்ததும் ஒன்றையொன்று இழுத்துச் சுருதி கலைக்கின்றன. பகலில் இடையே ஒரு வீடே இருந்தது. இரவில் ஒரு தலையணை.

முதல் மாதிரியைப் பிரித்து அதன் பாகங்களை வைத்தே அடுத்ததைச் செய்வது என் வழக்கம். எனவே சோதனை மேஜையில் எப்போதும் ஒன்றுதான் இருந்தது; கடைசியாகச் செய்த இந்த இரண்டையும்கூட ஒவ்வொன்றாகத்தான் சோதித்தேன். தம்பதிகளுக்கான கருவியைப் பிரம்மச்சாரியாகவே வளர்த்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் படுப்பவர்களுக்கு வேண்டுமானால் உத்தரவாதம் தரலாம்.

மார்ச் 18

'உபயோகிப்போர் போதிய இடைவெளி விட்டுப் படுக்கவும்' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறார் மேலாளர். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தடுப்பாக இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டால் பேட்டரி விடியும்வரை தாங்காது. பட்டையில் இடமும் இல்லை.

மார்ச் 20

உள்ளே எழும் அலை, வரும் அலைக்கு மேலே இருந்தால் என்ன, அதே அளவு கீழே இருந்தால் என்ன? கலந்து இறக்கினால் கிடைப்பது ஒன்றுதான். ஒரு பட்டையின் அலையை மேலே வைத்தேன், மற்றதன் அலையைக் கீழே. கம்பிச்சுருளைக் கொஞ்சம் நெருக்கியும் விலக்கியும் செய்த வேலை. ஒரு பாகம்கூடக் கூடவில்லை. இப்போது இரண்டு அலைகளுக்கும் நடுவே எட்டாத தூரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தும் பார்த்தேன். அதிர்ந்தன.

இனி ஜோடியாகத்தான் விற்க வேண்டும் என்றேன். கட்டிலில் மூன்று பேர் படுத்தால் என்ன ஆகும் என்று மேலாளர் கேட்டார். மூன்றாவது ஆள் தொட்டிலில் இருக்கும் என்றேன்.

மார்ச் 23

பட்டப்பகலில் தங்கையையும் கணவரையும் கைகோத்துப் படுக்கச் சொன்னேன். அம்மா சாட்சி. மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். காத்திருந்தோம். குழந்தை, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, அழ மறுத்தது. கடைசியில் அழுதபோது இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து தலையை முட்டிக்கொண்டார்கள்.

அம்மா அந்த அறையிலிருந்த தன் பாயைச் சுருட்டினார்.

"ஹால்லதான் இருப்பேன். கதவைச் சாத்திக்கோங்க, பரவாயில்ல."

தங்கையின் முகத்தைப் பார்த்தபடி, உதடு தெரியச் சொன்னார்.

ஏப்ரல் 5

அம்மா தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

காலையில் தங்கையின் செய்தி: "அக்கா, ராத்திரி பாப்பா மூணு தடவை அழுதா. மூணு தடவையும் நான்தான் எழுந்தேன். இவர் பட்டை அதிரவே இல்லையாம். கொடுத்து அனுப்பறேன், கொஞ்சம் பாரு."

பார்த்தேன். மேஜையில் வைத்துச் சோதனை அலையை அனுப்பியதும் பக்கத்திலிருந்த டீ டம்ளரே ஆடியது.

சற்று நேரத்தில் தங்கையின் கணவர் எழுதினார்: "அக்கா, ரிப்பேருக்கு ஒரு வாரமாவது ஆகும்னு சொல்லுங்களேன்."

இரண்டு செய்திகளும் திரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எதற்கும் இன்னும் பதில் போடவில்லை.