மூன்றாவது மூட்டை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் சுகம், நீயும் மருமகளும் பேத்தியும் சுகமா என்பதற்கு உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை, மாடி அறையில் அந்த மாதிரி ஆட்களை ஏன் வைத்தாய் என்றுதான் பக்கம் முழுக்க இருக்கிறது.

அந்த மாதிரி ஆள் என்றால் ஒரு தையற்காரியும் இரண்டு பெண் பிள்ளைகளும், இரண்டு வருஷத்தில் நாலு வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள். வீடற்றவர்களுக்கு வீடு பிடித்துத் தரும் அலுவலகம் என் மாடி அறையை ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்து இவர்களைக் குடிவைத்தது, வைப்பதும் எடுப்பதும் அவர்கள் கையில். போன வாரம் அங்கிருந்து ஒரு பரிசோதகன் வந்தான், சட்டைப்பையில் மூன்று பேனா, மண்டையில் ஒன்றுமில்லை. சுவரோரம் மூன்று மூட்டைகள் கட்டியபடி இருப்பதைப் பார்த்தான், நிலையாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று எழுதினான், வியாழக்கிழமை வருவேன், இப்படியே இருந்தால் அறை வேறு குடும்பத்துக்கு என்று போய்விட்டான். அவள் அழவுமில்லை, சண்டையும் போடவில்லை, சாயங்காலமே முதல் மூட்டையோடு படியிறங்கினாள், விடுங்கம்மா பழக்கந்தான், சின்னவ பரீட்சை முடியட்டும்னு பாத்தேன் என்றாள். மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு, ஏறுடி மேலே என்றேன்.

மறுநாள் அலுவலகத்துக்கே போய் அந்தப் பரிசோதகனைப் பிடித்தேன். ஏம்ப்பா, நாலு தடவை தெருவுல நின்னவ மூட்டைய அவுப்பாளா, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா என்று கேட்டேன். பாட்டி என்ன படிச்சிருக்கீங்க என்றான். அஞ்சாங்கிளாஸ், அது போறதுக்குக் கட்டின மூட்டை இல்ல, பயத்துல கட்டினதுன்னு கண்டுபிடிக்க அதுவே போதும், உங்க படிப்புக்குத்தான் எட்டல என்றேன். அதை எழுதப் பாரத்துல கட்டம் இல்லையே பாட்டி என்றானே பார்க்கலாம்!

கட்டம் இல்லாவிட்டால் போகட்டும், நீ இங்கே விட்டுப்போன பீரோ இருக்கிறதே, ஆள் வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டேன். இரண்டு மூட்டையை அவிழ்த்து அடுக்கினாள், மூன்றாவது மட்டும் இருக்கட்டும்மா என்று கெஞ்சினாள், என் கட்டிலடியில் தள்ளிக்கொண்டேன். வியாழக்கிழமை வந்த மேதாவி பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எண்ணம் உண்டு என்று எழுதிப் போனான், மரக்கதவுக்கு இருக்கும் மதிப்பு மனுஷிக்கு இல்லை.

பேத்திக்கு என் முத்தங்கள், மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். மறக்காதே, பீரோவிலிருந்த உன் சட்டைகளையும் மூட்டை கட்டி அவள் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவளுடையது பரீட்சை முடிந்து பயமும் தெளிந்ததும் அவிழும். உன்னுடையதைப் பார்த்துத் தங்கும் எண்ணம் இல்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பரிசோதகனை நானே மெச்சியிருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா