ஆர். எஸ்தர், டி. எஸ்தர்

மார்ச் 3
காலையிலேயே வெயில். ஆம்பூர் தாண்டியதும் பஸ் முழுக்கத் தோல் நாற்றம்.

துறையில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. போட்டியில் தற்காலிகமாக இருக்கும் நானும் எஸ்தரும். யாருடைய ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அதாவது சைட்டேஷன் அதிகமோ, அவருக்கு. எண்ணித் தரும் பொறுப்பு என்னிடம். பிரின்சிபாலுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. மடையன்.

எனக்கு 41. பாதி, பக்கத்துக் கல்லூரிக் குமாரும் நானும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது. மொய் மாதிரி. எஸ்தருக்கு 9.

மார்ச் 4
பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

ஆறு வருடம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சோதித்தவளுக்கு ஒன்பதா? உறுத்தியது, தேடினேன். கல்யாணத்துக்கு முன் ஆர். எஸ்தர், அப்பா ராஜு. இப்போது டி. எஸ்தர், புருஷன் டேனியல். இனிஷியல் மாறிவிட்டது, பழைய கட்டுரைகள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. நம் கல்லூரி முகவரிதான். 86 சைட்டேஷன். இரண்டையும் சேர்க்க ஐந்து நிமிடம்.

சேர்க்கவில்லை. டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 6
எஸ்தர் வந்தாள்.

"ரொம்பக் கம்மியா இருக்கே சார். இன்னொரு தபா பாக்குறீங்களா?"

"கம்ப்யூட்டர் சொல்றதும்மா. நான் இன்னா பண்ண முடியும்?"

"வேலை கெடச்சா அப்பாவ டேனரிய விட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன் சார். கையெல்லாம் வெந்து போயிருக்குது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாகப் படித்தவர்கள் அழுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

மார்ச் 10
ஆர்டர் வந்தது. எனக்கு. ஸ்டாஃப் ரூமுக்கு ஆற்காடு மக்கன் பேடா, ஒரு கிலோ. எஸ்தரும் ஒன்று எடுத்துக்கொண்டாள். "கங்கிராட்ஸ் சார்." மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை. பேடாவில் சர்க்கரை ஜாஸ்தி.

ஏப்ரல் 2
புழுக்கம். பிரின்சிபால் கூப்பிட்டார். தரவரிசைக்குக் கல்லூரியின் மொத்த சைட்டேஷன் போதவில்லையாம். "எங்கயாச்சும் தேடிப் புடிய்யா."

அந்த 86ஐச் சேர்த்துக் கொடுத்தேன். முதுகில் தட்டினார்.

"யாருய்யா ஆர். எஸ்தர்? நம்ம எஸ்தரா?"

"அவங்க டி. எஸ்தர் சார். இது முன்னாடி இங்க படிச்சவங்க."

"இந்த மாதிரி ஆளுதான்யா நமக்கு வேணும். இன்னொரு போஸ்ட் போட்டுத் தர்றேன், உடனே வரச் சொல்லு. எங்க இருக்காங்க?"

"கல்யாணமாயி எங்கயோ போய்ட்டாங்களாம் சார்."